நாட்காட்டியில் மருந்து நாள்: செயலி எழுதுவதை நாம் சரிபார்ப்போம்

அடுத்த வருகைக்குரிய நாளையும் மருந்து வேளைகளையும் இன்று பல மருத்துவச் செயலிகள் கைப்பேசியின் நாட்காட்டியில் தாமே எழுதிவிடுகின்றன. மறதியால் மருந்து தவறுவதைக் குறைக்கும் இவ்வசதியை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும், செயலி அங்கு எதை எழுதுகிறது, பின்னர் அதைத் திருத்த இயலுமா என்பவற்றை நோயாளியும் உடனிருந்து பேணுவோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

செயலி எழுதும் இரு வழிகள்

முதல் வழியில், செயலி விவரங்களை நிரப்பி நாட்காட்டியைத் திறந்து காட்டுகிறது. நாம் ‘சேமி’ என்பதை அழுத்திய பின்னரே பதிவு உண்டாகும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதற்குத் தனி அனுமதி தேவையில்லை.

இரண்டாம் வழியில், செயலி நம் அனுமதியைப் பெற்று நேரடியாக எழுதுகிறது. ஆண்ட்ராய்டில் நாட்காட்டியைப் படிப்பதற்கும் அதில் எழுதுவதற்கும் ஒரே அனுமதிக் கேள்விதான் தோன்றும். ஐபோனில், 2023இல் வெளிவந்த ஐஓஎஸ் 17 முதல், எழுதுவதற்கு மட்டும் அனுமதி தரும் வசதி உண்டு. அவ்வனுமதி பெற்ற செயலியால் நம்முடைய பிற நிகழ்வுகளைப் பார்க்க இயலாது.

மீள்வரும் பதிவில் கவனம்

நாட்காட்டிச் செய்திகளுக்கெனப் பொது வடிவம் ஒன்று உண்டு. ‘ஐகேலண்டர்’ எனப்படும் அது 1998இல் வெளியிடப்பட்டு 2009இல் திருத்தப்பட்டது. அதன்படி, மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வு தனித்தனி நாள்களாக அன்றி ஒரே விதியாகவே எழுதப்படுகிறது. எவ்வளவு இடைவெளியில், எந்தக் கிழமையில், எதுவரை என்பனவே அவ்விதியின் உறுப்புகள். ‘எதுவரை’ என்பதைக் குறிக்காது விட்டால் நினைவூட்டல் முடிவின்றித் தொடரும். ஐந்து நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்துக்கு ஆறாம் நாளும் மணி ஒலிக்கும்.

இடைவெளியில் நேரும் பிழை இதனினும் கொடியது. முடக்கு வாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளப்படுவது. ‘வாரந்தோறும்’ என்று அமைய வேண்டிய விதி ‘நாள்தோறும்’ என்று அமைந்துவிட்டால், கைப்பேசி நாள்தோறும் தவறாமல் அழைக்கும். இம்மாத்திரையை அவ்வாறு உட்கொண்டதால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரிழந்தோர் உண்டு. பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதுபற்றி எச்சரித்துள்ளன. இதனுடன் பெரும்பாலும் ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படுவதால், ‘மாத்திரை’ என்று மட்டும் பதிந்தால் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிட இடமுண்டு. பதிவின் தலைப்பில் மருந்தின் பெயரும் கிழமையும் இருத்தல் வேண்டும்.

நாள் மாறும்போது

சில கீமோதெரபி முறைகள் 21 நாள்களுக்கு ஒருமுறை தரப்படுகின்றன. நாட்காட்டியில் அது ‘மூன்று வாரத்துக்கு ஒருமுறை’ என்று எளிதில் அமையும். ஆனால் இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் மருத்துவர் சிகிச்சையை ஒத்திவைப்பார். நாட்காட்டி அதை அறியாது. பழைய நாள்களையே காட்டிக்கொண்டிருக்கும்.

செயலி தானே அதைத் திருத்திவிடும் என்று எண்ணிவிடலாகாது. முதல் வழியில் நாம் சேமித்த பதிவின் அடையாள எண் செயலிக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. ஐபோனில் எழுத மட்டும் அனுமதி பெற்ற செயலியோ, தான் எழுதிய பதிவைக்கூடப் படிக்க இயலாது. இவ்விரு நிலைகளிலும் பழைய பதிவை நீக்கும் பொறுப்பு நம்முடையது. நீக்காவிடில் பழைய நாளும் புதிய நாளும் அருகருகே நிற்கும். முழு அனுமதி பெற்ற செயலியால் திருத்த இயலும். அதற்கு ஈடாக நம் பிற நிகழ்வுகளையும் அது காண முடியும். எது வேண்டும் என்பதை இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நாங்கள் பரிந்துரைப்பவை

1. சேமிக்கும் முன், மருந்துச் சீட்டை அருகில் வைத்து, மருந்தின் பெயர், கிழமை, நேரம், முடிவு நாள் ஆகிய நான்கையும் ஒப்பிடுங்கள்.

2. சேமித்த பின், நாட்காட்டியின் மாதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வார மருந்து மாதத்தில் நான்கு அல்லது ஐந்து நாள்களில் மட்டுமே தெரிய வேண்டும்.

3. மருத்துவர் நாளையோ அளவையோ மாற்றினால், அன்றே பழைய பதிவை நீக்குங்கள். நீக்கும்போது அந்த ஒரு நாளை மட்டுமன்றி, அதைத் தொடர்ந்து வரும் நாள்களையும் நீக்குங்கள்.

4. குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளும் நாட்காட்டியில் மருந்தின் பெயர் அனைவருக்கும் தெரியும். அதை விரும்பாதவர்கள் தமக்குரிய தனி நாட்காட்டியைத் தேர்ந்தெடுக்கலாம்.

கைப்பேசியும் மருந்துச் சீட்டும் முரண்பட்டால், மருந்தை உட்கொள்ளுமுன் மருந்தாளுநரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைக் கூடுதலாக உட்கொண்டுவிட்டதாக ஐயம் எழுந்தால், வாய்ப்புண்ணோ காய்ச்சலோ தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.