800 ரூபாய் சீலுக்கு 15,000 ரூபாய் கூலியா? ஃபிரண்ட் பம்ப் எஸ்டிமேட்டைப் படிப்பது எப்படி



ஆட்டோமேட்டிக் கார் வாங்கும்போது இ.எம்.ஐ. கணக்கை எல்லாரும் போடுறோம். சில வருஷம் கழிச்சு, "ஃபிரண்ட் பம்ப்பைக் கழட்டணும் சார்" என்று எஸ்டிமேட் வரும்போதுதான் திக்குனு இருக்கும். பார்ட்ஸ் வரியில் சில நூறு ரூபாய், லேபர் வரியில் பல ஆயிரம். ஏமாத்துறாங்களா? அந்த வேலை என்னன்னு தெரிஞ்சா நீங்களே முடிவு பண்ணலாம்.

ஃபிரண்ட் பம்ப் என்றால் என்ன?

டார்க் கன்வர்ட்டருக்குப் பின்னால், கியர்பாக்ஸின் முன்பக்கத்தில் இருக்கும் ஆயில் பம்ப் இது. என்ஜின் ஓடும்போது கன்வர்ட்டர் இதைச் சுற்றும். பம்ப் அடியிலிருக்கும் ஆயிலை ஃபில்டர் வழியாக இழுத்து, அழுத்தத்தோடு உள்ளே இருக்கும் கிளட்சுகளுக்கு அனுப்பும். அந்த அழுத்தம் இல்லைன்னா கியர் பிடிக்காது, வண்டி நகராது.

உங்க வண்டி ஏ.எம்.டி.யா? அதில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது. இந்த ஃபிரண்ட் பம்ப்பும் கிடையாது. அந்த வண்டிக்கு இப்படி ஒரு எஸ்டிமேட் வந்தா அங்கேயே கேள்வி கேளுங்க.

கூலி ஏன் இவ்வளவு?

பம்ப்பைத் தொடணும்னா மொத்த கியர்பாக்ஸையும் இறக்கணும். பேட்டரி இணைப்பை எடுத்து, வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆயிலை வடிக்கணும். டிரைவ் ஷாஃப்ட், கூலர் பைப், ஒயரிங் எல்லாம் கழற்றணும். கன்வர்ட்டரை என்ஜினோடு பிணைக்கும் போல்ட்டுகளை எடுத்து, கியர்பாக்ஸை ஜாக்கில் தாங்கி இறக்கி, ஆயில் நிறைந்த கனமான கன்வர்ட்டரை நேராக வெளியே இழுக்கணும்.

அதுக்கப்புறம்தான் பம்ப் போல்ட்டுகள். அவற்றைக் கழற்றினாலும் பம்ப் சும்மா வராது, இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பல மாடல்களில் புல்லர் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக இழுப்பாங்க. பின்னால் இருக்கும் வாஷர்கள் இடம் மாறக் கூடாது. பழைய கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் மறுபடி பயன்படாது.

வெளியே இருந்தே மாற்றக்கூடிய முன் சீலுக்கும் இதே இறக்கு கூலிதான். கன்வர்ட்டரை எடுக்காமல் அந்த சீல் கண்ணிலேயே படாது.

சம்மதிக்கும் முன் மூன்று சோதனை

1. ஆயில் அளவும் ஃபில்டரும். ஆயில் குறைந்தாலும் ஃபில்டர் அடைத்தாலும் பம்ப் போன மாதிரியே உறுமல் சத்தம் வரும், கியர் தாமதமாகப் பிடிக்கும்.
2. பிரஷர் டெஸ்ட். கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்தாங்களா? அளவு எவ்வளவு? எழுதி வாங்குங்க.
3. லீக் என்றால், எந்த ஆயில்? என்ஜினின் பின்பக்க கிராங்க் சீல் கசிந்தாலும் அதே இடத்தில்தான் சொட்டும். கியர்பாக்ஸ் ஆயில் புதுசில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். என்ஜின் ஆயில் பழுப்பு அல்லது கறுப்பு.

ஒரு கூலி, பல வேலை

ஒரு உதாரணக் கணக்கு. இறக்கி ஏற்ற 15,000, முன் சீல் 800, கிராங்க் சீல் 1,200 ரூபாய்னு வச்சுக்குவோம். தனித்தனியாகச் செய்தால் 15,800 + 16,200 = 32,000. சேர்த்துச் செய்தால் 17,000. மிச்சம் 15,000; லேபருக்கான 18% ஜி.எஸ்.டி.யில் இன்னொரு 2,700.

அதனால் "பெட்டியை இறக்கினதும் முன் சீல், பம்ப் கேஸ்கெட், ஓ-ரிங், புஷ், கிராங்க் சீல், ஃபில்டர் எல்லாத்தையும் பாருங்க, தேய்ந்ததை மட்டும் மாத்துங்க" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்க. மாற்றிய பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்குங்க.

வாரன்டியை விடாதீங்க

திரும்ப மாட்டும்போது கன்வர்ட்டர் பம்ப்புக்குள் முழுசா உட்காரணும். உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் புது பம்ப்பே உடையலாம். அது வேலை செய்தவர் பொறுப்பு. ஆகவே பார்ட்ஸ், லேபர் இரண்டுக்கும் எத்தனை மாதம் வாரன்டி என்பது பில்லிலேயே இருக்கணும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஒர்க்‌ஷாப் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது, அதையும் பாருங்க.

இன்ஷூரன்ஸ் வருமா? சாதாரண கார் பாலிசி தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் பணம் தராது. எக்ஸ்டெண்டட் வாரன்டி இருந்தால் அதன் விதிவிலக்குகளை முதலில் படிங்க. இல்லைன்னா, மாசம் 1,500 ரூபாய் ஆர்.டி.யில் போட்டால் வருஷத்துக்கு 18,000, வட்டி தனி. வாரன்டி முடியும் முன்பே இதைத் தொடங்கிடுங்க. அப்போ இந்த எஸ்டிமேட்டுக்காக கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது.

உங்க எஸ்டிமேட்டில் புரியாத வரி இருந்தா கமெண்டில் போடுங்க, அடுத்த வீடியோவில் பிரிச்சுப் பார்ப்போம்.