வேலியோரத்துச் சொந்தக்காரர்கள்



தூதுவளை, கண்டங்கத்திரி, சுண்டை, மணத்தக்காளி, கத்தரி. இந்த ஐந்தும் ஒரே பேரினம்னு தெரியுமா? அதன் பெயர் சொலானம். உருளைக்கிழங்கும் இதுல சேர்ந்ததுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பூவைப் பாருங்கள். தூதுவளை, கண்டங்கத்திரிக்கு ஊதா நிறம். சுண்டை, மணத்தக்காளிக்கு வெள்ளை. ஆனா எல்லாப் பூவும் ஐந்து முனை நட்சத்திரம் மாதிரி இருக்கும். நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் நிற்கும். அவற்றின் நுனியில் சிறு துளை உண்டு. பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் செய்யும்போது, அந்த அதிர்ச்சியில் துளை வழியே மகரந்தம் கொட்டும்.

நெருங்கிய சொந்தமா, தூரத்துச் சொந்தமா?

கத்தரி, சுண்டை இரண்டுக்குமே செல்லில் 24 குரோமோசோம்கள். ஆனால் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. சொலானம் இன்சானம் என்ற முள் நிறைந்த காட்டுச்செடியைக் கத்தரியோடு கலந்தால், பிறக்கும் செடி நன்றாக விதை தரும். இதுதான் கத்தரியின் மூதாதை என்கிறார்கள் விஞ்ஞானிகள். சுண்டையோடு கலந்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடு. அப்போ சுண்டை தூரத்துச் சொந்தம்.

தூரத்துச் சொந்தம் உதவாதா? உதவும்! சுண்டையின் வேர் வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கும். அதனால் சுண்டை நாற்றின் மேல் கத்தரியை ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். வேர் சுண்டை, காய் கத்தரிக்காய்!

ஒரே ரகத்தை நம்பினால்?

அயர்லாந்து நாட்டில் ஏழை மக்கள் 'லம்பர்' என்ற ஒரே உருளைக்கிழங்கு ரகத்தையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். கிழங்கை வெட்டி நட்டதால் எல்லாச் செடிக்கும் ஒரே மரபணுக்கள். 1845-இல் கருகல் நோய் வந்தது. ஒரு செடியைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கியது. அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். பிறகு 20-ஆம் நூற்றாண்டில், மெக்சிகோவின் காட்டு உருளையான சொலானம் டெமிசத்திலிருந்து நோய் எதிர்ப்பு மரபணுக்களை எடுத்துப் புது ரகங்களில் சேர்த்தார்கள். காட்டுச்செடி இல்லாமல் போயிருந்தால் எங்கே தேடியிருப்பார்கள்?

நாம் செய்ய வேண்டியது

வேலியைச் சுத்தம் பண்றோம்னு களைக்கொல்லி அடித்தால் இந்தச் செடிகளும் கருகிவிடும். ஒரே இனத்திலும் செடிக்குச் செடி மரபணு கொஞ்சம் மாறும். அதனால் ஒன்றை மட்டும் விட்டால் போதாது. அங்கங்கே நாலைந்து செடிகளை விட்டு வைப்போம். பழுத்த பழத்தின் விதையைக் காயவைத்துச் சேர்ப்போம்.

எச்சரிக்கை: ஊமத்தையும் கத்தரிக் குடும்பம்தான். ஆனால் பேரினம் வேறு, கொடிய விஷம். தெரியாத காயை வாயில் வைக்காதீர்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி