புது பிராசஸர் வாங்கலாமா?

நண்பர்களே, என் வீட்டு கம்ப்யூட்டரில் இருப்பது 2018-ல் வந்த ரைசன் 5 2600. ஆட்டோகேடில் பெரிய டிராயிங் திறந்தால் திணறும். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்து, "புதுசா வாங்கிக்கடா" என்றார்.

ஆசை ரைசன் 7000 மேல்தான். ஆனால் 2022-ல் வந்த அந்த வரிசைக்கு ஏஎம்5 சாக்கெட். நம்ம ஏஎம்4 போர்டில் உட்காராது. மெமரியும் டிடிஆர்5 மட்டுமே. பிராசஸர் மாற்றப் போய் போர்டு, ராம் எல்லாம் மாற்றணும்!

சரி, எது திணறுகிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். (நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.) வரையும்போது சிபியு 8, 9 சதவீதம். சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு த்ரெட்டில் ஒன்று மூச்சு முட்ட ஓடினாலே மொத்தக் கணக்கில் அவ்வளவுதான் காட்டும். ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே கோரை நம்பும் ஆசாமி. எட்டு கோர் வாங்கினாலும் ஏழு வேடிக்கைதான் பார்க்கும். ஃபைல் திறக்கும்போதோ 100 சதவீதம் தொட்டது ஹார்ட் டிஸ்க்!

எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். திறப்பதில் இருந்த திணறல் போச்சு. வரையும் வேகத்துக்கு, அதே பி450 போர்டிலேயே ரைசன் 5 5600 உட்காரும். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட் செய்துவிடணும். மறந்தால் திரையே வராது. அதை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

மீதிப் பணம் செமஸ்டர் ஃபீஸுக்குப் போனது.