பாதுகாப்புக் கண்ணாடியில் கீறல் விழுவது ஏன்?

சாணைக்கல்லில் உளி தீட்டுபவர் தெறிக்கும் துகள்களிலிருந்து கண்களைக் காக்கப் பாதுகாப்புக் கண்ணாடி அணிகிறார். நாளடைவில் அதில் கீறல்கள் விழுந்து மங்கிவிடுகிறது. "ஒன்றும் தெரியவில்லை" என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெயர்தான் கண்ணாடி; இன்று இவற்றில் பெரும்பாலானவை பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. 1953-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் இருவரும் தனித்தனியே கண்டறிந்த பொருள் இது. இரும்புத் துணுக்கு வேகமாக வந்து மோதினாலும் எளிதில் நொறுங்காது. அவ்வளவு உறுதியான பொருளில் கீறல் மட்டும் சுலபமாக விழுவானேன்?

மோதலைத் தாங்கும் உறுதி வேறு, கடினத்தன்மை வேறு. (விடைத்தாள்களில் பலர் குழம்பும் இடம் இது!) ஒரு பொருளை அதைவிடக் கடினமான பொருள் கீறும். ஜெர்மானியக் கனிமவியலார் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோலில் வைரத்திற்கு 10, குவார்ட்ஸுக்கு 7. சன்னல் கண்ணாடி ஏறக்குறைய 5.5. பாலிகார்பனேட் அதைவிட மிகவும் மென்மையானது. தெருத் தூசியிலேயே குவார்ட்ஸ் மணல் துகள்கள் உண்டு. சாணைக்கற்கள் பலவற்றில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடின் கடினத்தன்மையோ 9! இத்துகள்கள் படிந்திருக்கும்போது சட்டை நுனியால் துடைத்தால், உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான்.

ஒவ்வொரு கீறலின் சரிவும் ஒளியை வெவ்வேறு திசையில் திருப்புகிறது. அதனால்தான் விளக்கை எதிர்நோக்கும்போது வெண்திரை போட்டாற்போல் இருக்கிறது. உலர்ந்த துணியால் தேய்ப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்குமல்லவா? அதுபோல, உராய்வால் மின்னேற்றம் பெற்ற கண்ணாடி மேலும் தூசியை இழுத்துக்கொள்கிறது.

எனவே முதலில் குழாய் நீரில் காட்டித் துகள்களை அடித்துச் செல்ல விடுங்கள். பிறகு ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசலை விட்டு விரல் நுனியால் தடவுங்கள். மீண்டும் கழுவி, தூய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். அசிட்டோன், தின்னர் வேண்டவே வேண்டாம். அவை பாலிகார்பனேட்டைத் தாக்கி வெடிப்புகளை உண்டாக்கும். பற்பொடியால் தேய்த்தால் கீறல் போகும் என்பாருண்டு. போவது மேலே பூசப்பட்ட மெல்லிய கடினப் பூச்சுதான்.

வேலை முடிந்ததும் அரங்களோடு கருவிப்பெட்டியில் போடாமல், துணிப்பையில் இட்டு ஆணியில் மாட்டுங்கள். கீறல் ஆழமாகிவிட்ட கண்ணாடிக்கு வைத்தியமில்லை, புதிதுதான் வாங்கவேண்டும்.