மீகாமன் எங்கே?

நுழையும்முன்

கப்பலை மனிதன் செலுத்துவதே உலக வழக்கம். இன்று, எதிரே வரும் தடையைத் தானே உணர்ந்து, தானே சுக்கானைத் திருப்பிச் செல்லும் கப்பல்கள் நீரில் இறங்கியுள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன? அவற்றில் மனிதனுக்கு இனி என்ன பணி உண்டு? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோம்.

கரையும் கலமும்

கப்பலைச் செலுத்துவோனை மீகாமன் என்றும் நீகான் என்றும் பழந்தமிழர் அழைத்தனர். உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கொளியைக் கொண்டு இரவில் நீகான் துறையை அறிந்து கலத்தைச் செலுத்தியதை அகநானூற்றுப் பாடல் ஒன்று காட்டுகிறது. விளக்கு கரையில் இருந்தது. அதைக் காணும் கண்ணும் கலத்தைத் திருப்பும் கையும் கடலில் இருந்தன. நெடுங்காலம் நிலைத்த இந்த அமைப்பு நம் காலத்தில் மாறத் தொடங்கியுள்ளது. கப்பல் கடலில் செல்ல, அதைக் கண்காணிப்பவர் கரையில் அமர்ந்திருக்கும் நிலை உருவாகி வருகிறது.

தானியங்கியும் தன்னாட்சியும்

மாணவர்களே, தானியங்கி என்பதும் தன்னாட்சி என்பதும் ஒன்றல்ல. குறித்த திசை மாறாமல் சுக்கானைத் தானே திருப்பும் கருவி 1920களிலேயே கப்பல்களில் பொருத்தப்பட்டது. அது தானியங்கி. எதிரே ஒரு படகு நின்றாலும், அக்கருவி சொன்ன திசையிலேயே கப்பலைக் கொண்டு செல்லும். படகைக் கண்டு முடிவெடுக்க மனிதனே வேண்டும்.

தன்னாட்சிக் கப்பல் சூழலை அறிகிறது. எதிரே வருவது இன்னதென்று வகைப்படுத்துகிறது. விலகிச் செல்வதா, வேகத்தைக் குறைப்பதா என முடிவும் எடுக்கிறது. இலண்டனில் தலைமையகம் கொண்ட பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, இத்தகைய கப்பல்களை நான்கு நிலைகளாகப் பகுத்துள்ளது.

1. மாலுமிகள் கப்பலில் இருந்து இயக்குவர்; சில பணிகளில் கருவிகள் துணைசெய்யும்.
2. கப்பல் தொலைவிலிருந்து இயக்கப்படும். மாலுமிகளும் கப்பலில் இருப்பர்.
3. கப்பல் தொலைவிலிருந்து இயக்கப்படும். மாலுமிகள் கப்பலில் இரார்.
4. கப்பலின் கணினியே முடிவெடுத்துச் செயல்படும்.

கப்பலின் கண்கள்

தன்னாட்சிக் கப்பலுக்குப் பல கண்கள் உண்டு. ராடார் வானொலி அலைகளை அனுப்பி, அவை பொருள்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தொலைவை அளக்கும். லைடார் என்னும் கருவி இதே பணியை லேசர் ஒளியால் செய்யும். ஒளிப்படக் கருவிகள் பகலிலும், வெப்பத்தை உணரும் அகச்சிவப்புக் கருவிகள் இருளிலும் உதவும். செயற்கைக்கோள் வழிகாட்டி கப்பல் நிற்கும் இடத்தை உணர்த்தும். பெரிய கப்பல்கள் தம் பெயர், இடம், திசை, வேகம் ஆகியவற்றை அடையாள அமைப்பு ஒன்றின் வழியாக ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளும். இச்செய்திகள் அனைத்தையும் கணினி ஒன்றுசேர்த்துக் கடலின் நிலையை அறிகிறது.

எனினும் இக்கண்களுக்கும் எல்லை உண்டு. பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் அடையாள அமைப்பைப் பொருத்தியிருத்தல் வேண்டும். சிறிய மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அது இல்லை. மரமும் கண்ணாடியிழையும் ராடார் அலைகளை இரும்பைப் போல் வலுவாகத் திருப்பி அனுப்புவதும் இல்லை. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஒற்றை விளக்குடன் இரவில் செல்லும் ஃபைபர் படகை எண்ணிப் பாருங்கள். பெருங்கப்பல் அப்படகைக் காணத் தவறினால், கப்பலுக்குச் சிறு கீறல் விழலாம். படகில் உள்ளோருக்கோ உயிரே போகலாம். ஆகவே, ஒரு தன்னாட்சிக் கப்பலின் திறனை அளக்க விரும்புவோர், அது பெரிய கப்பலைக் கண்டதா என்று கேட்டால் போதாது. சிறிய படகைக் கண்டதா என்றும் கேட்க வேண்டும்.

மூன்று பயணங்கள்

பின்லாந்து நாட்டில் 2018ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள், ஃபால்கோ என்னும் பயணப் படகு பரைனென், நௌவோ ஆகிய ஊர்களுக்கிடையே சென்றது. செல்லும்போது மனிதத் தலையீடு இன்றித் தானே வழிகண்டு, தானே துறையையும் அணைந்தது. திரும்பும்போது, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் தூர்க்கு நகரக் கட்டுப்பாட்டு மையத்தில் அமர்ந்திருந்த கப்பல் தலைவர் அதை இயக்கினார்.

நார்வே நாட்டின் யாரா பிர்க்லேண்ட் ஒரு சரக்குக் கப்பல். 120 சரக்குப் பெட்டகங்களைச் சுமக்க வல்லது. மின்கல ஆற்றலால் இயங்குவது. ஹெரோயா என்னும் இடத்திலுள்ள உரத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரேவிக் துறைமுகத்திற்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டீசல் சரக்குந்துப் பயணங்களைக் குறைப்பதே இதன் நோக்கம். 2022ஆம் ஆண்டு வணிகப் பணியைத் தொடங்கிய இக்கப்பல், முதல் நாளிலேயே ஆளில்லாமல் செல்லவில்லை. மாலுமிகளுடன் தொடங்கி, ஒவ்வொரு நிலையாகச் சோதித்து முன்னேறும் முறையே பின்பற்றப்பட்டது.

மூன்றாவது மேஃபிளவர். 1620ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவிற்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயரைத் தாங்கிய, 15 மீட்டர் நீளமுடைய தன்னாட்சிக் கலம் இது. 2021ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கப் புறப்பட்டது. இயந்திரப் பகுதியில் ஏற்பட்ட பழுதால் பாதி வழிக்கு முன்பே திரும்பியது. 2022இல் மீண்டும் புறப்பட்டது. அப்போதும் பழுது நேரவே அசோர்சு தீவுகளில் சீரமைக்கப்பட்டு, சூன் மாதம் கனடாவின் ஹாலிஃபாக்சு துறைமுகத்தை அடைந்தது. வழிகாணும் அறிவு கலத்தில் இருந்தது. உடைந்த உறுப்பைப் பொருத்தும் கை அதில் இல்லை. கப்பல் பொறியாளர் நாள்தோறும் ஓசையின்றிச் செய்யும் பணியின் அருமையை இப்பயணம் உணர்த்தியது.

ஏன் இந்த முயற்சி?

நள்ளிரவுக் காவல், உறக்கமின்மை, பல மாதப் பிரிவு ஆகியவை கடற்பணியின் இயல்புகள். களைத்த மனிதன் தவறிழைக்கலாம், கருவி களைப்பதில்லை. சப்பானில் கடலோரக் கப்பல்களில் பணிபுரிவோருள் முதியோர் மிகுதி. புதியோர் வருகை குறைவு. அந்நாட்டின் நிப்பான் அறக்கட்டளை தன்னாட்சிக் கப்பல் திட்டத்தை ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்ற வழியையும் வேகத்தையும் கணினி தேர்ந்தெடுத்தால் எரிபொருளும் மிஞ்சும்.

மறுபுறம், உலகக் கப்பல்களில் உழைக்கும் இந்திய மாலுமிகள் பலர். உங்கள் தந்தையோ உறவினரோ அவர்களுள் ஒருவராக இருக்கலாம். கப்பலின் மேல்தளத்தில் சில பணிகள் குறையும்போது, கரையில் கண்காணிப்பு, தரவு ஆய்வு, கருவிப் பராமரிப்பு போன்ற பணிகள் தோன்றும். ஆயினும் இழந்த பணியில் இருந்தவருக்கே புதிய பணி தானாகக் கிடைத்துவிடாது. அதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை அளிப்பது யார் பொறுப்பு என்பதும் கருவியைப் போலவே கருதத்தக்கது.

கடலின் அறம்

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. கண்ணாலும் காதாலும் எந்நேரமும் முறையாகக் கண்காணிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கருவியின் பார்வையைக் கண் என்று கொள்ளலாமா என்பது இன்று சட்ட அறிஞர்முன் நிற்கும் வினா.

அதனினும் பெரியது மற்றொன்று. கடலில் உயிருக்குப் போராடுவோரைக் கண்டால், தம் கப்பலுக்கும் அதிலுள்ளோருக்கும் கடும் இடர் நேராதவரை, கப்பல் தலைவர் உதவ வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை இதனை வலியுறுத்துகிறது. ஆளில்லாக் கப்பல் ஒன்று, கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதப்பவரைக் காண்கிறது எனக் கொள்வோம். அது மீட்பு மையத்திற்குச் செய்தி அனுப்பலாம். அருகிலேயே நின்று விளக்கொளி காட்டலாம். கயிற்றை வீசித் தூக்கி, ஈர உடையை மாற்றி, வெந்நீர் கொடுப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை காணாமல் ஆளில்லாக் கப்பலைத் திறந்த கடலில் விடுவது அறமாகாது.

இதனால்தான் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு இக்கப்பல்களுக்கெனத் தனி விதித்தொகுப்பை வகுக்கும் பணியை மேற்கொண்டது. அப்பணியில் ஒரு கருத்து உறுதியாக ஏற்கப்பட்டது: எந்நிலைத் தன்னாட்சிக் கப்பலாயினும், அதற்குப் பொறுப்பான தலைவர் ஒரு மனிதராகவே இருத்தல் வேண்டும், அவர் கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பது இன்றியமையாததன்று.

மீகாமன் எங்கே என்னும் வினாவுக்கு இதுவே விடை. அவர் கரைக்கு வரலாம், திரைமுன் அமரலாம். பொறுப்பிலிருந்து மட்டும் அவர் இறங்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு என்னும் பொருளில் கலங்கரை விளக்கம் என்னும் பெயர் அமைந்தது.

சொல்லும் பொருளும்

சுக்கான் – கப்பலின் திசையை மாற்றும் உறுப்பு
மாடம் – உயர்ந்த கட்டடம்
துறை – கலங்கள் வந்து சேரும் இடம்
இடர் – துன்பம், ஆபத்து
சரக்குப் பெட்டகம் – பொருள்களை ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டி (கன்டெய்னர்)

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் ஊரில் கப்பல், படகு, துறைமுகம் ஆகியவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து, தமிழ்ச் சொற்களுடன் அட்டவணைப்படுத்துக.
2. "கடலில் கருவி போதும்", "கடலில் மனிதன் வேண்டும்" என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
தன்னாட்சி, கடற்கரை, விளக்கொளி

ஆ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
யாரா பிர்க்லேண்ட் கப்பல் இயங்குவது ________ ஆற்றலால்.
(காற்று / நிலக்கரி / மின்கல / டீசல்)

இ. குறுவினா
1. தானியங்கிக்கும் தன்னாட்சிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சிறிய படகுகளை ராடார் காண்பது ஏன் அரிதாகிறது?

ஈ. சிறுவினா
மேஃபிளவர் கலத்தின் பயணம் உணர்த்தும் செய்தியை உம் சொந்த நடையில் எழுதுக.

உ. நெடுவினா
ஆளில்லாக் கப்பல் ஒன்றைக் கரையிலிருந்து கண்காணிக்கும் தலைவராக உம்மைக் கருதிக்கொள்க. நடுக்கடலில் கவிழ்ந்த படகு ஒன்று திரையில் தெரிகிறது. நீவிர் செய்வன யாவை? வரிசைப்படுத்திக் காரணத்துடன் எழுதுக.