சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஈரம்: தெர்மல் படத்தைப் படிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் ஆசையாகத் திறந்து பார்ப்பது படங்களைத்தான். இந்த மாதம் ஒரு வித்தியாசமான படத்தைப் பார்ப்போம். அது தெர்மல் கேமரா எடுக்கும் படம். அதைத் தப்பாகப் படித்து ஒரு நல்ல சுவரை உடைக்க வைத்தவன் நான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சென்னையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், மழைக்காலத்தில் யூ.பி.எஸ். அறையில் ஈர வாடை வந்தது. சுவரில் கறை எதுவும் இல்லை. வாடகைக்கு ஒரு தெர்மல் கேமரா எடுத்து, இன்ஜினியர்தானே என்று என் கையில் கொடுத்தார்கள். ஒரு சுவரில் கருநீலமாகத் திட்டு தெரிந்தது. "தண்ணீர் இங்கேதான் சார்" என்று அடித்துச் சொன்னேன். கொத்தனார் பூச்சை உடைத்தார். உள்ளே காய்ந்த செங்கல்! ஏ.சி.யின் காற்று நேராக அடித்த இடம் அது.

தெர்மல் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை. சுவருக்குள்ளும் பார்ப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து, வெப்பநிலையாக மாற்றுகிறது, அவ்வளவுதான். 320x240 கேமரா என்றால் ஒரு படத்தில் 76,800 புள்ளிகள். ஒவ்வொன்றும் ஓர் எண். நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் சாஃப்ட்வேர் பூசிய வண்ணங்கள்.

நான் ஏமாந்தது இங்கேதான். கேமரா 'ஆட்டோ'வில் இருந்தால், படத்தில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கருநீலமும் மிக அதிகமானதற்கு மஞ்சளும் கொடுத்துவிடும். வித்தியாசம் ஒரே ஒரு டிகிரி என்றாலும் படம் பயமுறுத்தும். எனவே மேனுவலுக்கு மாற்றி, 22 முதல் 30 டிகிரி என்பது போல அளவை நிலையாக வையுங்கள். வண்ணத்தைப் பார்க்கும் முன் ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். கண்ணாடித் தடுப்பில் ஒரு மனித உருவம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது உங்கள் பிரதிபலிப்பு!

ஈரம் எப்படித் தெரிகிறது? நீர் ஆவியாகும்போது சுவரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைக் கதைதான். அதனால் ஈரமான இடம் குளிர்ச்சியாகத் தெரியும். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் வித்தியாசம் குறைவு. ஏ.சி. போட்டு அறைக் காற்றை உலர்த்தினால் திட்டு தெளிவாகும். ஆனால் காற்று அந்தச் சுவரில் நேராக அடிக்கக் கூடாது.

மொட்டை மாடியில் கதை தலைகீழ். நல்ல வெயில் அடித்த நாளில், சூரியன் மறைந்த பிறகு படம் எடுக்க வேண்டும். நீர் வெப்பத்தை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், உலர்ந்த இடங்கள் ஆறிய பிறகும் ஈரமான இடம் சூடாகவே தெரியும். ஒரே நீர், அறைக்குள் நீலம், மாடியில் மஞ்சள்.

எதுவானாலும் மாய்ஸ்சர் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உளியை எடுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஆராயக் கேமராவின் ஒரிஜினல் பைலையே காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் உள்ளே இருக்கும் வெப்பநிலை எண்கள் போய், வண்ணம் மட்டும் மிஞ்சும். டாகுமெண்டாக அனுப்பலாம்.

இரண்டாம் முறை அளவை நிலையாக வைத்துப் பார்த்தபோது, ஃபால்ஸ் சீலிங்கில் மங்கலான ஒரு நீலக் கோடு தெரிந்தது. மீட்டரும் ஈரம் என்றது. மேலே ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாயில் விரிசல். நேர் கீழே யூ.பி.எஸ். பேட்டரிகள். அவற்றைத் தள்ளி வைத்த பிறகுதான் சீலிங்கைக் கழற்றினோம்.