அளந்தே அறிய வேண்டிய நோய்



முன்னொரு நோன்புக் காலத்தில் நாம் ஒரு பிழை செய்தோம். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை; பின் மாத்திரை எதற்கு என்று நாமே நிறுத்திவிட்டோம். நோன்பு நிறைவுற்ற பின்னும் தொடரவில்லை. இரு திங்கள் கழித்து மருத்துவர் அளந்தபோது 182/104 இருந்தது. அன்றும் நமக்கு உடலில் ஒரு வருத்தமும் தோன்றவில்லை. இதுவே இப்பாடத்தின் முதற்கருத்து: உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் உணர்த்தாது, அளந்தே அறிய வேண்டும்.

எண்கள் இரண்டு ஏன்?

இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும்போது தமனிச் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து நிறையும்போது உள்ளது கீழ் எண். கைப்பட்டையால் அளக்கும் கருவியை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி அமைத்தார். ஒலி கேட்டு இரு எண்களையும் அறியும் முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் அறிவித்தார். மருத்துவரிடம் வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90, வீட்டில் அளந்தால் 135/85 என்ற அளவை இரண்டில் ஓர் எண் எட்டினாலும் உயர் அழுத்தம் எனக் கொள்வர்.

அளக்கும் முறை

1. அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர் தவிர்க்க. சிறுநீர் கழித்துவிட்டு அமர்க.
2. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாதிருக்க.
3. பட்டையை வெறுங்கையில் கட்டுக. கையை மேசைமீது இதய மட்டத்தில் வைக்க.
4. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, காலை மாலை இருவேளையும் ஏட்டில் குறிக்க.

காக்கும் முறை

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அமைதல் நன்று. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் அடங்கும். நாள்தோறும் அரைமணி நடத்தல் வேண்டும். புகையிலை அறவே கூடாது.

நோன்பிருப்போர் முன்னதாகவே மருத்துவரிடம் கூறுதல் கடமை. நீரும் அருந்தாத நாளில் சில மாத்திரைகள் அழுத்தத்தை அளவுமீறித் தாழ்த்தலாம். நிறுத்தினால் சிலருக்கு ஏறலாம். ஆதலின் மாற்றுவதும் நிறுத்துவதும் அவர் சொற்படியே ஆகுக. சூரியன் மறையுமுன் உண்பவர் என்பதையும் அவரிடம் கூறினால், வேளையை அதற்கேற்ப அமைத்துத் தருவார்.

மார்புவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அளந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனை செல்க.

பயிற்சி வினாக்கள்

1. வருத்தம் இல்லாமை நலத்திற்குச் சான்றாகுமா?
2. உங்கள் இல்லத்து மூத்தோரின் அழுத்தம் கடைசியாக எந்நாளில் அளக்கப்பட்டது?

இரண்டாம் வினாவிற்கு விடை தெரியாத இல்லத்தார், இவ்வாரமே அளந்து விடை எழுதுக.